தேடலும் தெளிவும்: இணையவழி நூலகக் கல்வி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகக் கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு, தகவல்களைத் திரட்டிக் கொடுத்தலே என எவரும் விடை கூறார். மாணவர் தாமே தேடவும், தேடிப் பெற்றதை ஆராயவும், ஆராய்ந்ததன்வழி ஒரு முடிவுக்கு வரவும் பயிற்றப்படல் வேண்டும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். ஆயினும், இம்மூன்றனுள் முதலாவதாகிய தேடல் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பது பற்றிக் கலைத்துறையினர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அது நூலகரின் அலுவல் என்றும், முதலாண்டு மாணவருக்கு ஒருநாட் காலையில் நூலகத்தைச் சுற்றிக்காட்டுவதோடு நிறைவெய்திவிடும் ஒரு சடங்கு என்றும் கருதும் மனப்பாங்கே நெடுங்காலம் நிலவிவந்துள்ளது.

1990களின் பிற்பகுதியிலிருந்து இச்சடங்கு சிறிது சிறிதாக இணையத்துக்கு இடம்பெயரலாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகளோடு நூலக அறிமுகமும் கணினித் திரைக்கு மாறவேண்டியதாயிற்று. அவசரத்தின் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட ஏற்பாடுகள் பல நிலைத்தும் விட்டன. இந்நிலையில், இணையவழி நூலகக் கல்வி எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பியாது விடுகின்றது என்பதை அதன் முன்னோடி முயற்சிகளைக் கொண்டு மதிப்பிடுதல் பயனுடையதாகும்.

முதற்கண் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். நூலகத்தைப் பயன்படுத்தக் கற்பித்தல் என்னும் எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய தமது நூலில் இதற்கு வலுவான அடித்தளம் இட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பதோடு அவர் அமைந்துவிடவில்லை. நூல் ஒவ்வொன்றும் தனக்கேற்ற வாசகரைச் சென்றடைதல் வேண்டும் என்பதையும் ஒரு விதியாகவே வகுத்தார். நூலகத்துட் புதிதாக நுழைவோரை அதன் முறைகளுக்குப் பழக்குவதை உசாத்துணைப் பணியின் ஓர் உறுப்பாகவே அவர் கொண்டார். வாசகரும் நூலகரும் நேருக்குநேர் நின்று உரையாடும் சூழலே அவருடைய சிந்தனையின் களமாகும்.

இன்று வழங்கும் "தகவல் எழுத்தறிவு" என்னும் தொடரின் பிறப்பிடமோ வேறு. ஐக்கிய அமெரிக்காவின் தகவல் தொழிற்றுறைச் சங்கத் தலைவராயிருந்த போல் சுர்கோவ்ஸ்கி, 1974இல் அந்நாட்டின் நூலக ஆணைக்குழுவுக்குச் சமர்ப்பித்த அறிக்கையிலேயே இத்தொடர் முதன்முதலாக இடம்பெற்றது. தத்தம் தொழிலில் எழும் சிக்கல்களைத் தீர்க்கத் தகவல் வளங்களையும் கருவிகளையும் கையாளப் பயின்றோரையே அவர் இச்சொல்லாற் குறித்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழுவொன்று இதனை விரித்து, தகவல் வேண்டப்படும் நிலையை உணர்தல், அதனைக் கண்டடைதல், மதிப்பிடுதல், பயன்படுத்தல் ஆகிய ஆற்றல்களாக வரையறை செய்தது. தொழிற்றுறையிற் பிறந்த கருத்து கல்வித்துறைக்குள் வந்துவிட்டபோதிலும், ஆய்வைத் "தகவல் பெறுதல்" என்னும் அளவுக்குச் சுருக்கிவிடும் அதன் பிறவிக்குணம் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுவதற்கில்லை. பின்னெழுந்த இணையவழிப் பயிற்சிகளில் அதன் சாயலைத் தெளிவாகக் காணலாம்.

இவற்றுள் முன்னோடி எனத்தக்கது, ஒஸ்ரின் நகரிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் 1990களின் இறுதியில் உருவாக்கிய தகவல் எழுத்தறிவுப் பயிற்சிநெறியாகும். தெரிதல், தேடல், மதிப்பிடல் என மூன்று அலகுகளாக அது வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அலகின் முடிவிலும் வினாக்கள் இருந்தன. கணினியே அவற்றைத் திருத்திப் புள்ளி வழங்கியது. ஆயிரக்கணக்கான முதலாண்டு மாணவரை ஒருசில நூலகர் நேரிற் சந்தித்தல் இயலாது என்னும் நடைமுறைச் சிக்கலுக்கு அது ஒரு நேர்மையான தீர்வாகும். அதனைத் திறந்த உரிமத்தின்கீழ் வழங்கிப் பிற நிறுவனங்கள் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடமளித்தமை பாராட்டுக்குரியது. மாணவர் தமக்கு வசதியான வேளையிற் கற்கவும், விளங்காத பகுதிக்குத் திரும்பிச் செல்லவும் அது வழிசெய்தது. இச்சிறப்புக்களை மறுப்பது விமர்சனமாகாது.

எனினும், கணினி திருத்தக்கூடிய வினா எத்தகையது என்பதை இங்கு நோக்குதல் வேண்டும். இரு சொற்களையும் உள்ளடக்கிய பதிவுகளை மட்டும் பெறுவதற்கு எந்த இணைப்புச்சொல்லைப் பயன்படுத்தல் வேண்டும் என வினவலாம். அதற்கு ஒரே விடைதான் உண்டு. ஆய்வுச் சஞ்சிகைக்கும் பொதுச் சஞ்சிகைக்கும் உள்ள வேறுபாட்டை வினவலாம். அதற்கும் விடை வரையறுக்கப்பட்டதே. ஆனால், "இக்கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்னும் வினாவுக்குப் பல்தேர்வு விடைகளுள் ஒன்றைச் சுட்டுதல் இயலாது. ஆகவே, திருத்தக்கூடியதே கற்பிக்கத்தக்கது என்னும் நிலை, எவரும் திட்டமிடாமலே உருவாகிவிடுகின்றது. முழுப் புள்ளியும் பெற்ற மாணவர் அன்று மாலையே தமது ஒப்படைக்கு முதலிற் கண்ட பக்கத்தைப் பிரதிசெய்வாராயின், அப்புள்ளி எதனை அளந்தது என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இப்போக்குக்கு அதிகாரபூர்வமான வடிவம் கொடுத்தது, அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தராதரங்கள் என்னும் ஆவணமாகும். ஐந்து தராதரங்களும் அவற்றின்கீழ் இருபத்திரண்டு செயற்றிறன் குறிகாட்டிகளும் அதில் அடங்கியிருந்தன. தெளிவும் ஒழுங்கும் வாய்ந்த அவ்வாவணம் பல நாடுகளில் நூலகரின் கைந்நூலாகவே பயன்பட்டது. ஆயின், ஆய்வு என்பது ஒரு படியிலிருந்து மறுபடிக்கு நேராக ஏறிச்செல்லும் ஏணி என்னும் தோற்றத்தை அது ஏற்படுத்திற்று. உண்மையான ஆய்வில், தேடிக்கொண்டிருக்கையிலேயே வினா மாறுகின்றது. மதிப்பிட்டபின் மீண்டும் தேடவேண்டியதாகின்றது. ஏணியில் ஏறிய மாணவர் இறங்கவும் கற்றல் வேண்டும் என்பதை அக்குறிகாட்டிகள் அழுத்திக் கூறவில்லை.

இதே வரிசையில் வைத்து நோக்கத்தக்கது, கலிபோர்னிய அரசப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்சிலி 2004இல் அறிமுகப்படுத்திய ஐந்து அளவுகோல்களாகும். ஒரு மூலத்தின் புதுமை, பொருத்தம், அதிகாரம், துல்லியம், நோக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வினவி அதனை ஏற்பதா விடுப்பதா எனத் தீர்மானிக்கும்படி மாணவருக்கு அது வழிகாட்டுகின்றது. இலகுவில் மனத்திற் பதியும் இவ்வாய்பாடு உலகெங்கும் பல்கலைக்கழக நூலக இணையத்தளங்களில் இடம்பிடித்தது. இதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. ஐந்து வினாக்களுக்கும் விடையை மாணவர் அந்தப் பக்கத்துள்ளேயே தேட முற்படுகின்றனர். தன்னைப் பற்றி ஒரு பக்கம் கூறிக்கொள்வதைக் கொண்டே அப்பக்கத்தை மதிப்பிடுவது, வழக்கின் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதை ஒக்கும்.

இக்குறையின் பாரதூரத்தை வெளிப்படுத்தியவர்கள் நூலகரல்லர்; வரலாற்றுக் கல்வி ஆய்வாளர்களாவர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்கிறூ ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேரை இணையத்தளங்களை மதிப்பிடும் பணியில் ஈடுபடுத்தி அவதானித்தனர். அவர்களுட் பதின்மர் கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர். பதின்மர் செய்திகளின் மெய்ம்மையைச் சரிபார்க்கும் தொழில் புரிவோர். எஞ்சிய 25 பேர் அப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரி மாணவராவதற்குப் பயில்வோர். கொடுக்கப்பட்ட பணிகளுள் ஒன்று, குழந்தை மருத்துவம் சார்ந்த இரு அமைப்புக்களின் தளங்களை ஒப்பிடுவதாகும். ஒன்று 1930இல் நிறுவப்பட்ட பெரிய தொழில்சார் கழகம். மற்றது கொள்கை முரண்பாட்டின் விளைவாக 2002இல் அதனின்றும் பிரிந்து சென்ற சிறு குழு. இரண்டின் பெயர்களும் ஏறத்தாழ ஒரே தன்மையன. இரு தளங்களும் புலமைத் தோற்றம் கொண்டவை.

செய்தி சரிபார்ப்போர் தளத்தினுள் நீண்டநேரம் தங்கவில்லை. சில கணங்களுள் அதனை விட்டகன்று, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் என வேறு பக்கங்களிலே தேடினர். இரண்டினதும் உண்மையான தகைமையை விரைவில் அறிந்துகொண்டனர். மாணவருட் பலர் தளத்தினுள்ளேயே மேலிருந்து கீழாக வாசித்துச் சென்று, இலச்சினையிலும் அடிக்குறிப்புக்களிலும் முகவரியின் ஈற்றுச்சொல்லிலும் மயங்கினர். வரலாற்றறிஞருள்ளும் சிலர் தடுமாறியமை கவனத்திற்குரியது. ஆழ்ந்து வாசித்தல் என்னும் புலமைப் பண்பே அவர்களுக்கு இடையூறாயிற்று. நெருங்கி வாசிப்பதற்கு முன், அது வாசிக்கத்தக்கதுதானா என அறிய விலகிச் செல்லல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் சாரம். பக்கவாட்டு வாசிப்பு என அவர்கள் பெயரிட்ட இம்முறை, ஐந்து அளவுகோல்களைக் கொண்டு இணையவழியிற் பல்லாண்டுகள் நிகழ்ந்த போதனையை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கிற்று எனலாம்.

இதற்கிடையில் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2015இல் அது முன்வைத்த புதிய சட்டகம், 2016 ஜனவரியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பழைய தராதரங்கள் நீக்கப்பட்டன. குறிகாட்டிகளின் பட்டியலுக்குப் பதிலாக ஆறு கருத்துக்கள் அதில் இடம்பெற்றன. அதிகாரம் என்பது சூழலுக்கேற்ப அமைவது, ஆய்வென்பது வினவிக்கொண்டே செல்வது, புலமை என்பது பலர் பங்குகொள்ளும் உரையாடல் என்பன அவற்றுட் சில. சிந்தனையளவில் இது பெரிய முன்னேற்றமாகும். எனினும், இக்கருத்துக்களை நிறைவேற்றும் பணி இணையத்தளத்திலுள்ள ஒரு மணிநேரப் பயிற்சியிடமே மீண்டும் ஒப்படைக்கப்படுமாயின் பயனில்லை. உரையாடலைக் கற்பிக்க உரையாடுவோர் வேண்டும். புலமை உரையாடலாகும் என்னும் வாக்கியத்தைத் திரையில் வாசித்துச் "சரி" என்பதை அழுத்தும் மாணவர், எவரோடும் உரையாடவில்லை.

மேற்கூறிய முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு. தகவல் மிகுதியாகக் குவிந்து கிடக்கின்றது; மாணவரின் சிக்கல் அதனுள் நல்லதைத் தெரிந்தெடுத்தலே என்பதாகும் அது. ஆங்கிலத்திற் பயிலும் அமெரிக்க மாணவரைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. தமிழில் ஆய்வேடு எழுதும் இலங்கை மாணவரின் நிலையோ வேறு. அவர் மிகுதியை மட்டுமன்றி இன்மையையும் எதிர்கொள்கின்றார். தேடுபொறி தந்ததை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைக் காட்டிலும், அது எதுவும் தராதபோது என்ன முடிவுக்கு வருவது என்பதே அவர் முன்னுள்ள கடினமான வினாவாகும். இறக்குமதி செய்யப்பட்ட பயிற்சிநெறிகள் இவ்வினாவை எழுப்புவதேயில்லை.

எடுத்துக்காட்டாக, மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களை ஆராய விழையும் ஒரு மாணவரைக் கருதலாம். அவர் "நாட்டார் பாடல்" என்னும் தொடரைக் கொண்டு தேடத் தொடங்குவார். தமிழகத்து நூல்களில் "நாட்டுப்புறப் பாடல்" என்னும் வழக்கே மிகுதி; பழைய நூல்கள் சில "நாடோடிப் பாடல்" எனவும் "கிராமியப் பாடல்" எனவும் கூறும். இத்துறைக்கு இன்றியமையாத சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்போ "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்னும் பெயருடையது. அதன் தலைப்பில் "நாட்டார்" என்ற சொல்லும் இல்லை. "மலையகம்" என்ற சொல்லும் இல்லை. தலைப்புச் சொற்களை மட்டும் நம்பும் மாணவர், தாம் முதலில் வாசிக்கவேண்டிய நூலைக் காணாமலே, இத்துறையில் முன்னோர் எவரும் உழைத்திலர் என எழுதிவிடக்கூடும். அவ்வாறு எழுதுதல் ஆய்வுப்பிழை மாத்திரமன்று; முன்னோரின் உழைப்பை இல்லையாக்கும் அநீதியுமாகும்.

மொழியின் இயல்பும் இங்குக் குறுக்கிடுகின்றது. ஒரு சொல்லின் முற்பகுதியை மட்டும் இட்டு அதன் எல்லா வடிவங்களையும் பெறலாம் என இணையவழிப் பயிற்சிகள் ஆங்கில உதாரணங்களோடு போதிக்கின்றன. ஆங்கிலத்திற் பெரும்பாலும் முழுச்சொல்லோடு விகுதி சேர்வதால் அங்கு இது எளிது. தமிழில் "நூலகம்" என்பது வேற்றுமையுருபு ஏற்குமிடத்து "நூலகத்தை", "நூலகத்தில்" என மகரம் கெட்டுத் திரியும். ஆகவே "நூலக" என்பதோடு நிறுத்தித் தேடல் வேண்டும். "பாடல்" என்பது புணர்ச்சியிற் "பாடற்" எனத் திரிவதுமுண்டு. இலக்கண வகுப்பிற் கற்ற புணர்ச்சி விதி நூற்பட்டியலைத் தேடுவதற்கும் வேண்டப்படுகின்றது என்பதை எந்தப் பயிற்சிநெறி மாணவருக்கு உணர்த்துகின்றது?

ஆசிரியர் பெயரும் இவ்வாறே. தமிழ்ப் பெயர்களிற் குடும்பப்பெயர் இல்லை. தலையெழுத்தோ தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் இன்னொன்றாகவும் அமையலாம். பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திற் தேடிப் பெற்ற மாணவர், தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்த நூலைப் பெறுவதற்கு ரோம எழுத்திலும் தேடல் வேண்டும். இனி, ஒருங்குறி பரவுவதற்கு முன் இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி முதலிய எழுத்துருக்களிற் தட்டச்சிடப்பட்ட பிரதிகள் திரையிலே தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அவை வெறும் ரோம எழுத்துக்களின் கோவையே. பக்கங்களைப் படமாக மட்டும் ஏற்றியவிடத்து, அவற்றினுள்ளே உள்ள சொற்களைத் தேடுபொறி அறியாது. ஆர்வலர்களின் முயற்சியால் 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாகச் சேகரித்து இலவசமாக வழங்கிவருகின்றது. அதன் பயனை முழுமையாகப் பெறுவதற்கு, ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகை என்னும் பகுப்புக்களினூடாகச் சென்று இதழ்களைப் புரட்டிப் பார்க்கும் பழைய பொறுமையே வேண்டப்படுகின்றது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் முதலாந் திகதியிலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மீட்டெடுக்க இயலாத ஏட்டுப்பிரதிகளும் அடங்கும். அழிந்தமையால் இல்லாதன சில. எண்ணிமப்படுத்தப்படாமையால் திரையில் இல்லாதன சில. தவறான சொல்லை இட்டமையாற் கண்ணிற்படாதன சில. திரையில் மூன்றும் ஒரே வெறுமையாகவே தோற்றும். அவ்வெறுமைகளை வேறுபடுத்தி அறியும் ஆற்றலே ஈழத்துத் தமிழ் மாணவருக்கு வேண்டிய தகவல் எழுத்தறிவின் தலையாய கூறு எனல் மிகையாகாது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்ற இரங்கநாதனின் விதி இவ்விடத்திற் புதிய பொருள் பெறுகின்றது.

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய உரையாடற் செயற்கை நுண்ணறிவு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. தேடுபொறி வெறுமையைக் காட்டியவிடத்து, இது வெறுமையை நிரப்பிவிடுகின்றது. இல்லாத நூலுக்குத் தலைப்பும், எழுதாத ஆசிரியருக்குக் கட்டுரையும் கற்பித்துத் தரும் இயல்பு அதற்குண்டு. இத்தகைய கற்பனை வழக்குகளை மேற்கோளாகச் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 2023இல் நியூயோர்க்கிலுள்ள நீதிமன்றமொன்று 5,000 டொலர் தண்டம் விதித்தது. எண்ணிம வடிவிற் கிடைக்கும் மூலங்கள் குறைந்த துறைகளில் இவ்வபாயம் அதிகம். ஐந்து அளவுகோல்களால் இதனைத் தடுத்தல் அரிது. பொய்யான மேற்கோள் புதுமையும் பொருத்தமும் உடையதாகவே தோன்றும். அந்நூல் எந்த நூலகத்தின் எந்தத் தட்டில் உள்ளது எனப் பக்கத்தை விட்டு வெளியே சென்று வினவுவதொன்றே வழி.

ஆயின், இணையவழிப் போதனையைக் கைவிடல் வேண்டும் என்பது இவ்விமர்சனத்தின் முடிவன்று. பல்கலைக்கழகத்துக்குத் தொலைவிலிருந்து கற்போருக்கும், வெளிவாரியாகப் பட்டம் பெற முயல்வோருக்கும் அது இன்றியமையாதது. கருவிகளின் கையாட்சியைத் திரையிற் கற்பித்து, நேரிற் கிடைக்கும் சொற்ப நேரத்தைத் தீர்ப்பாற்றலை வளர்க்கச் செலவிடுதலே முறை. இதற்கு மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, பயிற்சி பாடநெறியோடு இணைதல் வேண்டும். மாணவர் மெய்யாகவே எழுதவேண்டிய ஒப்படையின் வினாவையே நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து பயிற்சிக்குப் பொருளாக்கலாம். இரண்டாவது, பல்தேர்வு வினாவுக்குப் பதிலாகத் தேடற் குறிப்பேடு ஒன்றை மாணவர் சமர்ப்பித்தல் வேண்டும். எந்தச் சொற்களை இட்டார், எவை கிடைத்தன, எவை கிடைத்தில, அதன்பின் யாரிடம் வினவினார், எங்குச் சென்றார் என்பன அதில் இடம்பெறலாம். அதற்குக் கணினி புள்ளியிட இயலாது; விரிவுரையாளர் வாசித்தல் வேண்டும். மூன்றாவது, தமிழ்ச் சொல்வடிவங்களையும் வழக்கு வேறுபாடுகளையும் எழுத்துருச் சிக்கல்களையும் உதாரணமாகக் கொண்ட பயிற்சிகள் தமிழிலேயே ஆக்கப்படல் வேண்டும். அதற்கு மொழித்துறையினரின் அறிவு நூலகருக்குத் துணையாதல் அவசியம்.

இவை யாவும் செலவும் நேரமும் வேண்டுவன என்பது உண்மையே. தானாகத் திருத்தும் பயிற்சிநெறி மலிவானது. குறிப்பேடுகளை வாசித்தல் உழைப்பு மிகுந்தது. வகுப்புக்கள் பெருத்தும் நூலகர் தொகை சிறுத்தும் உள்ள சூழலில் மலிவானதை நாடும் விருப்பம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால், "இப்பொருள் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர்" என்னும் வாக்கியத்தை ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் எழுதும் மாணவரிடம், அதனை எவ்வாறு அறிந்தீர் எனப் பரீட்சகர் வினவும் தருணமொன்று வரும். திரையில் ஒரு சொல்லை இட்டுப் பார்த்ததாக அன்றி, இன்னின்ன பெயர்களாலும் வடிவங்களாலும் தேடி, இன்னின்ன சஞ்சிகைகளைப் புரட்டி, இன்னாரை வினவி அறிந்ததாக விடை கூற அவரால் இயலுமாயின், நூலகக் கல்வி தன் பணியைச் செய்துள்ளது என்பதில் ஐயமில்லை.